மருந்துக்கடைக் கடனும் வேப்பங்கொட்டையும்

தெலங்கானாவின் பத்ராத்ரி கொத்தகூடம் மாவட்டத்தில், பால்வஞ்சாவுக்கு அருகே, புனுகுல என்றொரு சிற்றூர் இருக்கிறது. சுமார் 200 குடும்பங்கள். முக்கிய வெள்ளாமை பருத்தி. ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் அது இருந்தபோது, 2004-இல், தன் எல்லைக்குள் இனிப் பூச்சிக்கொல்லி தெளிப்பதில்லை என்று அந்த ஊர் அறிவித்துக்கொண்டது. அரசாணை எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. ஊராரும் மகளிர் குழுக்களும் கூடி எடுத்த முடிவு அது. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு மாநிலத் திட்டமே அதிலிருந்து கிளைத்தது.

பூச்சிக்கொல்லியை விடுவது தனி விவசாயியின் மனவுறுதியைப் பொறுத்தது என்றுதான் பொதுவாக எண்ணப்படுகிறது. புனுகுலவின் கதை வேறு. அங்கே முதலில் அவிழ்க்கப்பட வேண்டியிருந்தது கடன் முடிச்சு. புழு அதற்கு அடுத்தபடிதான்.

கடையும் கடனும்

கிருஷ்ணா, குண்டூர் கரையோர மாவட்டங்களில் பருத்தி பெருகியது 1970, 80களில். நிலமும் பணமும் தேடி அங்கிருந்து கம்மம், வாரங்கல் பக்கம் வந்தவர்கள் பருத்தியைக் கொண்டுவந்தார்கள். கூடவே பூச்சிக்கொல்லிப் பழக்கத்தையும். சோளமும் பயறும் விளைந்த மானாவாரி நிலத்துக்கு இரண்டுமே புதிது. தெலுங்கில் பூச்சிக்கொல்லிக்கு 'மந்து' என்றே பெயர். மருந்து என்று பொருள். தமிழ்நாட்டிலும் 'மருந்தடிப்பது'தான். பாதி வியாபாரத்தை அந்தச் சொல்லே முடித்துவிடுகிறது. பயிருக்கு நோய், கடைக்காரர் மருத்துவர், அவர் எடுத்துக் கொடுப்பது மருந்து.

அந்த மருத்துவரே வட்டிக்கும் கொடுப்பார். விதைக்கும் நேரத்தில் வங்கியில் கடன் கிடைக்காத சிறு விவசாயி, விதை, உரம், பூச்சிக்கொல்லி மூன்றையும் கடையில் பற்று எழுதி வாங்குவார். அறுவடை முடிந்ததும் பஞ்சு அதே கடைக்காரருக்கோ அவர் கைகாட்டும் வியாபாரிக்கோ போகும். விலையைச் சொல்பவர் அவர், வட்டியைக் கழிப்பவர் அவர், அடுத்த பருவத்துக்கு எந்தப் புட்டியை எத்தனை முறை அடிப்பது என்று முடிவு செய்பவரும் அவர். வேளாண் அலுவலரை ஆண்டுக்கு ஒருமுறைகூடப் பார்க்காத ஊர்களில் ஆலோசனைக்கு வேறு ஆள் கிடையாது. இந்த ஏற்பாட்டுக்குள் இருப்பவர் ஒரு பருவம் மருந்து வாங்க மறுத்தால் விதைக்கடனும் நின்றுபோகும். மேடை போட்டுப் பேசும் இயற்கை வேளாண்மைப் பிரசாரங்கள் பெரும்பாலும் தொடாத இடம் இது.

பணம் ஒரு பக்கம் போக, உடம்பும் போனது. கையுறையோ முகமூடியோ இல்லாமல், அந்த வெயிலில் அவற்றை அணியவும் முடியாமல், தெளித்தவர்கள் வயலிலேயே மயங்கி விழுவது வழக்கமாயிற்று. 1997–98-இல் பருத்தி பொய்த்தபோது வாரங்கல் வட்டாரத்தில் விவசாயிகள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். கடன் வாங்கி வாங்கிய புட்டியே பலருக்கு முடிவாகவும் அமைந்தது.

அடிக்க அடிக்கப் பெருகும் பூச்சி

இத்தனை செலவுக்கும் பூச்சியாவது ஒழிந்ததா? இல்லை. செயற்கைப் பைரித்ராய்டுகள் என்ற வகை மருந்துகள் இந்தியப் பருத்தி வயலுக்கு வந்தது 1980களின் தொடக்கத்தில். முதல் சில ஆண்டுகள் அவை அற்புதமாக வேலை செய்தன. 1987-இல் ஆந்திரத்தில் பச்சைக் காய்ப்புழு அவற்றுக்கு மசியவில்லை. தெளித்தும் சாகாமல் காயைக் குடைந்தது. அதே காலத்தில் வெள்ளை ஈ வேறு பெருகியது. பருத்தி, நாட்டின் பயிர்ப் பரப்பில் சுமார் 5 சதவீதம்தான். ஆனால் பூச்சிக்கொல்லியில் ஏறக்குறையப் பாதியை அது குடித்த காலமும் உண்டு.

காரணம் எளிதானது. பயிரைத் தின்னும் பூச்சி வேகமாகப் பெருகும். காய்ப்புழுவின் தாய் அந்து ஒன்று ஆயிரம் முட்டை வரை இடக்கூடியது. அதைத் தின்னும் பொறிவண்டும் சிலந்தியும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் அத்தனை வேகமாகப் பெருகுவதில்லை. மருந்து இரண்டையும் கொல்கிறது. தப்பிப் பிழைத்த புழுவின் வாரிசுகள் அந்த மருந்தைத் தாங்கும் உடலோடு பிறக்கின்றன. அவற்றைப் பிடித்துத் தின்ன வயலில் ஆள் இல்லை. அடுத்த தெளிப்புக்கான தேவையை முந்தைய தெளிப்பே உண்டாக்கிவிடுகிறது.

இதை ஒரு நாடு அரசு மட்டத்திலேயே கற்றுக்கொண்டது. புகையான் பூச்சியால் நெல் அழிந்துகொண்டிருந்த இந்தோனேசியா, பூச்சிக்கொல்லிதான் புகையானைப் பெருக்குகிறது என்று பூச்சியியலாளர்கள் எடுத்துக் காட்டியதும், 1986 நவம்பரில் நெற்பயிருக்கு 57 மருந்துகளைத் தடைசெய்தது. விற்பனை விலையில் பெரும்பகுதியாக இருந்த மானியத்தையும் 1989-க்குள் நிறுத்தியது. நெல் விளைச்சல் அதனால் சரிந்துவிடவில்லை. உழவர்கள் வாரம் ஒருமுறை வயலில் கூடி, செடியைப் புரட்டி, நல்ல பூச்சி எத்தனை, தீய பூச்சி எத்தனை என்று எண்ணிப் பார்த்து, தாங்களே முடிவெடுக்கும் வயல்வெளிப் பள்ளிகள் அங்குதான் பெரிய அளவில் தொடங்கின. புனுகுலவிலிருந்து கிளைத்த ஆந்திரத் திட்டம் பின்னாளில் கடன் வாங்கிய உருப்படியான கருவி இந்தப் பள்ளி.

ஒரே இரவில் மூட்டும் தீ

தெலங்கானாவில் மருந்தில்லாப் பயிர்ப் பாதுகாப்பின் தொடக்கம் பருத்தியில் இல்லை, ஆமணக்கில். மகபூப்நகர், நல்கொண்டா போன்ற வறண்ட மாவட்டங்களில் சிவப்புக் கம்பளிப்புழு ஆமணக்கையும் கடலையையும் மொட்டையடித்துக்கொண்டிருந்தது. மயிர் அடர்ந்து வளர்ந்துவிட்ட புழுவின்மேல் மருந்து எளிதில் ஏறாது. ஒரு வயலைத் தின்று தீர்த்ததும் கூட்டமாக ஊர்ந்து அடுத்த வயலுக்குப் போகும். 1980களின் இறுதியில் தொண்டு நிறுவனங்களும் பூச்சியியலாளர்களும் இந்தப் புழுவின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தார்கள். கூட்டுப்புழு மண்ணுக்குள் உறங்குகிறது. பருவத்தின் முதல் நல்ல மழைக்குப் பிறகு அந்துப்பூச்சிகள் சில இரவுகளில் மொத்தமாக வெளிவருகின்றன. வெளிச்சத்தைக் கண்டால் வந்து விழுகின்றன.

வழி அதிலேயே இருந்தது. கோடையில் ஆழ உழுதால் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். முதல் மழைக்குப் பின் இரவு நேரத்தில் வயல்களில் தீ மூட்டினால் அந்து முட்டையிடும் முன்பே அதில் விழும். மீறி வரும் புழுக்களுக்கு வயலைச் சுற்றி வாய்க்கால் போல் பள்ளம் வெட்டி, எருக்கு இலையும் காட்டாமணக்கு இலையும் போட்டுவைத்தால் அங்கேயே தங்கிவிடும். கார்த்திகைச் சொக்கப்பனைக்கும் இப்படியொரு பயன் உண்டு என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் சொல்வார்கள். அது மெய்யோ பொய்யோ, கம்பளிப்புழு விஷயத்தில் தீ வேலை செய்தது.

ஒரு நிபந்தனையின்பேரில்தான் அது வேலை செய்தது. ஒருவர் மட்டும் தீ மூட்டினால் ஊரிலுள்ள அந்துகளெல்லாம் அவர் வயலைத் தேடி வரும். ஊர் முழுக்க, ஒரே இரவுகளில், எல்லா வயலிலும் மூட்ட வேண்டும். மருந்து தனியாக அடிக்கக்கூடிய பண்டம்; பணம் இருந்தால் பக்கத்து வயல்காரரைக் கேட்க வேண்டியதில்லை. தீயும் பள்ளமும் கோடை உழவும் அப்படியல்ல. 'சமூகம் நடத்தும் வேளாண்மை' என்ற தொடர் அலுவலகத் தாள்களில் அலங்காரமாக ஒலிக்கலாம்; கம்பளிப்புழுவைப் பொறுத்தவரை அது வெறும் பூச்சியியல்.

வயலில் நடப்பது என்ன

இந்த முறைக்கு ஆந்திரத்தில் மருந்தில்லாப் பூச்சி மேலாண்மை என்று பெயரிட்டார்கள். பல்கலைக்கழகங்கள் சொல்லித்தரும் ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்பிலிருந்து இது ஓரிடத்தில் பிரிகிறது. அங்கே பொருளாதாரச் சேத நிலையைப் பூச்சி தாண்டினால் கடைசி ஆயுதமாக ரசாயனம் அடிக்கலாம். கடைசி ஆயுதம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதுவே முதல் ஆயுதமாகிவிடும் என்பது பழுத்த அனுபவம். இங்கே அந்த வாசல் மூடப்பட்டது.

பருத்தி வயலைச் சுற்றி நான்கு வரிசை சோளமோ மக்காச்சோளமோ விதைப்பார்கள். பக்கத்து வயலிலிருந்து வரும் தத்துப்பூச்சிக்கு அது வேலி, நல்ல பூச்சிகளுக்கு வீடு. ஊடே ஆங்காங்கே ஆமணக்கும் துலுக்கச் சாமந்தியும். புகையிலைப் புழுவின் தாய் அந்து ஆமணக்கு இலையைத் தேடிப் போய் முட்டையிடும்; அந்த இலையைக் கிள்ளி எறிந்தால் நூற்றுக்கணக்கான புழுக்களின் கதை முடிந்தது. காய்ப்புழு துலுக்கச் சாமந்தியை நாடும். மஞ்சள் பலகையில் எண்ணெய் தடவி நட்டால் வெள்ளை ஈ ஒட்டிக்கொள்ளும். இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் அந்துகள் விழும். எத்தனை விழுந்தன என்ற எண்ணிக்கை, முட்டை வரப்போகும் நாளை முன்கூட்டிச் சொல்லிவிடும். கவட்டைக் குச்சிகள் நட்டால் கரிச்சான் வந்து உட்காரும். புழு பொறுக்குவதை அதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. துவரையில் காய்ப்புழு கண்டால், கீழே சாக்கையோ தாளையோ விரித்துச் செடியை உலுக்கி, விழும் புழுக்களைக் கோழிக்குப் போடுவது அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் தப்பியவற்றுக்குத்தான் கரைசல்கள். ஏக்கருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைத் தூள். துணியில் கட்டி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சிறிது சோப்புத் தூள் சேர்த்து, 100 லிட்டராக்கித் தெளிப்பது. மாலையில்தான் தெளிக்க வேண்டும். வெயிலில் அதன் வீரியம் விரைவில் குறையும். பூண்டு மிளகாய்க் கரைசல், சாணமும் கோமியமும் ஊறிய கரைசல் எனத் துணைகள் உண்டு. வேம்புதான் தலைமை.

வேம்பின் குணத்தைப் புரிந்துகொள்ளாமல் அதைக் கைவிட்டவர்கள் அநேகம். 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் மரமெல்லாம் மொட்டையடித்தபோது வேம்பை மட்டும் தொடாமல் போனதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் கவனித்தார். விதையிலிருந்து அசாடிராக்டின் என்ற வேதிப்பொருள் 1968-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அது புழுவை உடனே கொல்வதில்லை. தின்ன விடாமல் செய்யும், தோலுரிக்க விடாமல் செய்யும். நாலைந்து நாளில் புழு சுருங்கிச் சாகும். மருந்தடித்த மறுநாள் செத்த புழுவைக் காலடியில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஏமாற்றமாகத் தெரியும். உயிரோடு ஊரும் புழுவைப் பார்த்தபடி நான்கு நாள் பொறுத்திருப்பது லேசான காரியமில்லை. முன்பே செய்து பார்த்த பக்கத்து வயல்காரர் ஒருவர் அருகில் இருந்து சொன்னால்தான் அந்தப் பொறுமை வரும்.

மகளிர் குழுவின் கணக்கு

புனுகுலவில் ஒரு தொண்டு நிறுவனம் 1999 வாக்கில் இந்த முறைகளை அறிமுகப்படுத்தியபோது கேட்டுக்கொண்டவர்கள் சிலரே. முதல் பருவத்தில் அவர்கள் செலவு குறைந்ததைப் பார்த்தபின் அடுத்தவர்கள் வந்தார்கள். ஆனால் ஊரை மொத்தமாகத் திருப்பியவர்கள் பெண்கள். தெளித்துவிட்டு வரும் கணவரின் சட்டையைத் துவைத்தவர்களும், மருத்துவமனைக்கு நகையை அடகு வைத்தவர்களும் அவர்கள்தான். சுயஉதவிக் குழுவின் சேமிப்பு அவர்கள் கையில் இருந்தது. வேப்பங்கொட்டையை வாங்கி, அரைவை எந்திரம் போட்டு, தூளாக்கி விற்கும் வேலையைக் குழு ஏற்றது. மருந்துக்கடைக்குப் போன பணத்தில் ஒரு பகுதி கொட்டை பொறுக்கும் கூலிப் பெண்களுக்கும் அரைக்கும் குழுவுக்குமாக ஊருக்குள்ளேயே சுற்றத் தொடங்கியது.

இந்த இணைப்பைக் கண்டுகொண்டதுதான் ஆந்திர அரசின் கிராமப்புற வறுமை ஒழிப்புச் சங்கம் செய்த புத்திசாலித்தனம். வேளாண் துறையிடம் திட்டத்தைக் கொடுக்காமல், உலக வங்கிக் கடனுதவியோடு ஏற்கெனவே வளர்ந்திருந்த மகளிர் கூட்டமைப்புகளிடம் கொடுத்தார்கள். குழுக்கள் சேர்ந்து கிராமச் சமாக்யா, அவை சேர்ந்து மண்டலச் சமாக்யா என்று அடுக்கடுக்கான அமைப்பு அது. அதிகாரி டி. விஜயகுமார் அதன் தலைமையில் இருந்தார். 2004-இல் ஐதராபாத்தில் தொடங்கிய நீடித்த வேளாண்மைக்கான மையத்தின் ஜி.வி. ராமாஞ்சநேயுலு தொழில்நுட்பப் பக்கம் நின்றார். கிராமத்துக்கு ஓர் ஊக்குநர், ஐந்து கிராமங்களுக்கு ஒரு தொகுதி ஊக்குநர்; இவர்கள் பட்டதாரிகள் அல்ல, தாங்களே செய்து பார்த்த விவசாயிகள். வயலுக்கு வந்து பேசுபவர் அதே ஊர்ச் சேற்றை மிதித்தவராக இருந்ததால் கேள்விகளும் நேரடியாக இருந்தன.

அந்தத் திட்டத்துக்குச் சமூக மேலாண்மை நீடித்த வேளாண்மை என்று பெயர். நான்கு ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் 3 லட்சம் விவசாயிகள், 13.6 லட்சம் ஏக்கர், மாநிலத்தின் நிகர சாகுபடிப் பரப்பில் 5.1 சதவீதம் என்று 2009-இல் வெளியான உலக வங்கி ஆய்வறிக்கை கணக்குக் கொடுத்தது. மருந்துச் செலவு வெகுவாகக் குறைந்தது, விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை என்பது அதன் சாரம். கரைசல் தயாரிக்க நேரமில்லாதவர்களுக்காகப் பெண்கள் நடத்தும் கடைகள் வந்தன. நிலமில்லாத குடும்பங்கள் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பல பயிர் கலந்து வளர்க்கும் ஏற்பாடும் நடந்தது. பின்னர் மத்திய அரசு பெண் விவசாயிகளுக்கென வகுத்த மகிளா கிசான் சசக்திகரண் திட்டம் இந்த மாதிரியை நாட்டின் பிற மாநிலங்களுக்கும் எடுத்துச் சென்றது.

வாரங்கல் பக்கத்து ஏனபாவி இன்னும் ஓர் அடி முன்னே போனது. ஐம்பது சொச்சம் குடும்பங்கள் உள்ள அந்த ஊர் 2006-இல் பூச்சிக்கொல்லியோடு ரசாயன உரத்தையும் மரபணு மாற்றிய விதையையும் சேர்த்தே விலக்கியது. அப்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு இந்தியா அனுமதி கொடுத்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தெலங்கானாவெங்கும் அது பரவிக்கொண்டிருந்த நேரம். தொடக்கத்தில் பி.டி. காய்ப்புழுத் தெளிப்பைக் குறைத்தது உண்மை. பிறகு சாறுறிஞ்சும் பூச்சிகள் தலையெடுத்தன. 2010களின் நடுவில் குஜராத்தில் தொடங்கி இளஞ்சிவப்புக் காய்ப்புழு, பி.டி. செடி தனக்குள்ளேயே உண்டாக்கும் நஞ்சையும் தாங்கப் பழகிவிட்டது. 1987-இல் பார்த்த கதைதான், புட்டிக்குப் பதில் விதை. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தபோது, அந்த வயல்களில் நின்றது பெரும்பாலும் பி.டி. பருத்தி.

வளர்ச்சியும் விமர்சனமும்

2014-இல் மாநிலம் பிரிந்தது. முன்னோடி ஊர்களான புனுகுலவும் ஏனபாவியும் தெலங்கானாவில் அமைந்தன. ஆனால் திட்டத்தைப் பெரிதாக்கியது ஆந்திரம். ரைது சாதிகார சம்ஸ்தா என்ற அரசு நிறுவனம் 2016 முதல், விஜயகுமார் தலைமையில், முதலில் இயற்கை வேளாண்மைப் பிரசாரகர் சுபாஷ் பாலேக்கரின் செலவில்லா வேளாண்மை என்ற பெயரிலும், பின்னர் சமூக மேலாண்மை இயற்கை வேளாண்மை என்ற பெயரிலும் அதை நடத்துகிறது. இப்போது ரசாயன உரமும் வெளியே. ஜீவாமிர்தம் என்ற சாணக் கரைசலும், பருவமழைக்கு முன்பே பல வகை விதைகளைக் கலந்து விதைக்கும் முறையும் உள்ளே. பழைய மகளிர் கூட்டமைப்புகளே இதற்கும் முதுகெலும்பு.

விமர்சனமும் வந்தது. தேசிய வேளாண் அறிவியல் கழகம் 2019-இல், செலவில்லா வேளாண்மைக்குப் போதிய சான்று இல்லை, விளைச்சல் குறைந்தால் உணவுப் பாதுகாப்பு என்னாகும் என்று கேட்டது. நியாயமான கேள்விதான். பூச்சிக்கொல்லியை விடுவதும் உரத்தை விடுவதும் ஒன்றல்ல. முன்னதற்குச் சூழலியல் விடை தெளிவாக உள்ளது. பின்னது மண்ணுக்கு மண், பயிருக்குப் பயிர் மாறும். இரண்டையும் ஒரே முழக்கத்தில் கட்டியதால் முதலாவதன் வலுவும் தேவையில்லாமல் விவாதத்துக்குள்ளானது. புனுகுல ஒரு படியை முடித்துவிட்டு அடுத்ததை யோசித்தது. அதில் பாடம் இருந்தது.

இலக்கு வைப்பதிலும் அவசரம். 2018 ஜூனில் அறிவிக்கப்பட்ட கணக்குப்படி, 2024-க்குள் 60 லட்சம் விவசாயிகளும் 80 லட்சம் ஹெக்டேரும் மாறியிருக்க வேண்டும். 2024-இல் எட்டியிருந்தது பத்து லட்சத்தையொட்டிய விவசாயிகளை. அந்த எண்ணிக்கையிலும், நிலம் முழுவதையும் மாற்றியவர்களும் ஒரு மூலையில் முயன்று பார்ப்பவர்களும் கலந்திருக்கிறார்கள். ஆனாலும் உலகில் ஓர் அரசு நடத்தும் இத்தகைய திட்டங்களில் இவ்வளவு பெரியது அரிது. அதே 2024-இல் போர்ச்சுகலின் குல்பென்கியன் மனிதகுலப் பரிசு, 10 லட்சம் யூரோ, ஆந்திரத் திட்டத்துக்கும் மண்ணியல் அறிஞர் ரத்தன் லாலுக்கும் எகிப்தின் செகெம் அமைப்புக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

பரிசு விழா உரைகளில் வராத ஒரு குறை வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. மருந்து அடிப்பது பெரும்பாலும் ஆண்களின் அரை நாள் வேலை. கொட்டை பொறுக்குவது, உலர்த்துவது, ஊறவைப்பது, சாணம் கரைப்பது, இலை கிள்ளுவது எல்லாம் பெண்கள் தலையில் விழுகிறது. பணம் மிச்சம், அந்த மிச்சத்துக்கான உழைப்பு கூலிக் கணக்கில் ஏறுவதில்லை. கூலிக்கு ஆள் கிடைக்காத ஊர்களில் களைக்கொல்லி சத்தமில்லாமல் திரும்பி வருவதும் இதனால்தான்.

கடன் முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை. ஆந்திரத்தில் பெருமளவு நிலம் குத்தகையில் உழப்படுகிறது. மண்ணைத் தேற்ற மூன்று ஆண்டு ஆகும் என்றால், அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாத குத்தகைதாரர் அதில் ஏன் உழைப்பைப் போட வேண்டும்? அவர்களுக்கு வங்கிக்கடன் கிடைக்க, 2019-இல் இயற்றப்பட்ட பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் 11 மாதங்களுக்கு ஓர் அட்டை தருகிறது. அந்த அட்டைக்கு நில உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று அஞ்சும் உரிமையாளர் கையெழுத்துப் போடத் தயங்குவார். கையெழுத்து கிடைக்காத குத்தகைதாரர், விதைப்பு நேரத்தில் இன்றும் போய் நிற்பது மருந்துக்கடை வாசலில்தான்.